முதல் கோணலும் முதல் நேரும்: முத்துக்கரையில் பொறுப்பேற்ற இருவர்

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று ஒரு பழமொழி உண்டு. புதிதாக ஒரு பொறுப்புக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு முதலில் சொல்லப்படும் புத்திமதி இதுதான். இன்றைய மேனேஜ்மென்ட் புத்தகங்கள் சொல்வதும் ஏறக்குறைய அதையேதான். மைக்கேல் வாட்கின்ஸ் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் 2003-இல் ஒரு புத்தகம் எழுதினார். புதிய பதவியில் முதல் 90 நாட்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் அந்த முழுப் புத்தகமும்! உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் அதை வாங்கிப் படித்தார்கள்.

இந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஹார்வர்ட் வரை போகத் தேவையில்லை. வேம்பாரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் முத்துக்குளித்துறைக் கரையிலேயே இதற்கு இரண்டு அருமையான பாடங்கள் இருக்கின்றன. ஒருவர் 1542-இல் வந்தவர். வெளிநாட்டுக்காரர், ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. இன்னொருவர் 1906-இல் பொறுப்பேற்றவர். பக்கத்து ஊர்க்காரர், தூத்துக்குடியின் ஒவ்வொரு தெருவும் தெரிந்தவர். முதலாமவர் பிரான்சிஸ் சவேரியார். இரண்டாமவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. இருவருடைய நோக்கமும் வேறு, காலமும் வேறு. ஆனால் தொடக்கம் என்ற ஒரே விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் தெரியவருகின்றன.

மணியோடு வந்தவர்

சவேரியார் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் ஒரு பெரிய மாற்றம் நடந்து முடிந்திருந்தது. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக இங்கே கடுமையான மோதல் இருந்தது. பரதவர் சமூகத்தின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவர்களானார்கள். பாதுகாப்பு சும்மா கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முத்து வருமானத்தில் போர்ச்சுகீசியருக்கும் பங்கு போனது.

ஆனால் மதம் மாறிய மக்களுக்கு அந்த மதம் என்ன சொல்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்ல ஆளே இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால், கம்பெனி கை மாறிவிட்டது, போர்டும் மாறிவிட்டது, தொழிலாளிகளிடம் பேசத்தான் யாரும் வரவில்லை. இந்த நிலையில்தான் 1542 அக்டோபரில் சவேரியார் கரையிறங்கினார். கோவாவில் படித்துக்கொண்டிருந்த, தமிழ் தெரிந்த மூன்று இளைஞர்கள் அவருடன் வந்தார்கள்.

அவர் முதலில் என்ன செய்தார்? போர்ச்சுகீசிய மொழியும் தமிழும் தெரிந்த ஆட்களைக் கூட்டி உட்காரவைத்தார். முக்கியமான ஜெபங்களையும் பத்துக் கட்டளைகளையும் அவர்கள் உதவியோடு தமிழில் பெயர்த்தார். பல நாள் உழைப்பு அது. பிறகு அந்தத் தமிழை அப்படியே மனப்பாடம் செய்தார். அதன்பின் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். மணியை அடித்துக்கொண்டே போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை சொல்லிக்கொடுத்தார். சிறுவர்களிடம், வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றார். இவற்றையெல்லாம் அவரே 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் தமிழை ஆழமாகக் கற்றவர் அல்ல. அதற்கு நேரமும் இல்லை. ஆனால் தனக்கு எது தெரியாதோ அது தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பார்கள். அவர் காலை விடுவதற்கு முன் ஆழம் தெரிந்தவர்களைக் கேட்டார். புதிதாக வரும் அதிகாரிகள் பலர் இதைத்தான் செய்வதில்லை. வந்த முதல் வாரமே தன் பழைய ஆபீஸில் எப்படி நடந்தது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு சொல்லின் திருத்தம்

அவசரமாகச் செய்த மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் விழுந்துவிட்டது. நம்பிக்கைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் சின்ன வித்தியாசமா? விசுவாச அறிக்கையின் அடிப்படைச் சொல்லே அதுதான்! தவறு தெரியவந்ததும் 1544-இல் தன் உதவியாளர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, 'வேணும்' என்பதை எடுத்துவிட்டு 'விசுவாசம்' என்ற சொல்லைப் போடச் சொன்னார்.

கரை முழுக்க ஊர் ஊராகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்ட ஒன்று அது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்ளும் சங்கடமும் இருந்திருக்காது. புதிய தலைவருக்கு இது ஒரு பெரிய சோதனை. தொடக்கத்தில் செய்த தவறை மறைத்தால் பதவிக்கு மரியாதை இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. திருத்தினால்தான் வேலைக்கு மரியாதை.

அதே 1544-இல் இன்னொரு சோதனையும் வந்தது. வடுகர் படை தென்கரை ஊர்களைத் தாக்கியது. மக்கள் குமரிமுனைப் பக்கம் கடலில் உள்ள பாறைகளுக்கு ஓடி, உணவும் தண்ணீரும் இல்லாமல் தவித்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவு ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்தார். அது மட்டுமல்ல, தூத்துக்குடியிலிருந்த போர்ச்சுகீசியக் கேப்டன் மக்களிடம் நடந்துகொண்ட விதத்தைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார். மேலிடத்து ஆள் தவறு செய்தால் அவர் பக்கம் நிற்பதா, மக்கள் பக்கம் நிற்பதா? புதிதாக வந்த தலைவரை எல்லோரும் உற்றுப் பார்ப்பது இந்த மாதிரி நேரத்தில்தான். மணி அடித்துச் சேர்த்த கூட்டத்தைவிட, பாறையில் பசியோடு கிடந்தவர்களுக்குப் போன தோணி அதிகம் பேசியிருக்கும்.

போன பிறகும் ஓடிய வேலை

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர் ஊர்களில் ஏற்படுத்திவிட்டுப் போன அமைப்பு. ஒவ்வொரு ஊரிலும் ஜெபங்களின் ஒரு பிரதியை வைத்தார். பொறுப்பாக ஒரு உள்ளூர்க்காரரை நியமித்தார். இவர்களைக் கணக்கப்பிள்ளை என்று அழைத்தார்கள். இவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்கரையிலிருந்து போர்ச்சுகல் அரசிக்குக் 'காலணிச் செலவுக்கு' என்று ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணத்தை இந்தச் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கினார். எங்கோ போகும் உள்ளூர்ப் பணத்தை உள்ளூர் ஆட்களுக்கே திருப்பிவிட்ட இந்தக் காரியம், எந்த பட்ஜெட் பாடத்திலும் இடம்பெறத் தக்கது.

மொத்தத்தில் அவர் இந்தக் கரையில் இருந்தது, இடையில் கோவா போய்வந்ததையும் சேர்த்து, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல். 1545-இல் மயிலாப்பூர் வழியாக மலாக்காவுக்குப் போய்விட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. அடுத்து வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் தமிழை முறையாகக் கற்றார், போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது அவருடைய முயற்சியால்தான். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் என்று அறியப்படுவது அது. முதல் ஆள் மனப்பாடம் செய்து தொடங்கியதை, இரண்டாவது ஆள் அச்சில் ஏற்றினார்.

வக்கீல் கம்பெனி ஆரம்பித்தார்

இப்போது 350 ஆண்டுகள் தாண்டி வருவோம். 1900-களின் தூத்துக்குடி. 1876-இல் ரயில் வந்த பிறகு இந்தத் துறைமுகம் வேகமாக வளர்ந்தது. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போடும்; தோணிகளில்தான் ஆளும் சரக்கும் போகவேண்டும். கொழும்புக்குப் போகும் வணிகர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கப்பல் விடுவது ஒரே கம்பெனி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன், சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. அதன் உள்ளூர் ஏஜென்ட் ஹார்வி கம்பெனி. அதே ஹார்விதான் 1888-இல் தொடங்கிய கோரல் மில்லையும் நடத்தியது.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ.சி., அங்கே வக்கீலாக இருந்துவிட்டு 1900-ஆம் ஆண்டு வாக்கில் தூத்துக்குடிக்கு வந்தார். கப்பல் கம்பெனி அவருடைய முதல் முயற்சி அல்ல என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பே தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிப் பண்டக சாலை போன்றவற்றில் ஈடுபட்டிருந்தார். சின்ன முதலீடு, சின்ன நஷ்டம், நிறைய அனுபவம். யார் பணம் தருவார், யார் பேச்சோடு நிற்பார் என்று அவருக்குத் தெரிந்தது இந்தச் சின்ன முயற்சிகளில்தான் இருக்க வேண்டும்.

1906 அக்டோபர் 16. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்ட நாள். வங்கப் பிரிவினை அமலுக்கு வந்து சரியாக ஒரு வருடம் ஆகியிருந்தது. மூலதனம் 10 லட்ச ரூபாய். 40,000 ஷேர், ஒரு ஷேர் 25 ரூபாய். ஆசியர் யாரும் வாங்கலாம்.

காமர்ஸ் படிப்பவர்கள் இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஷேர் விலையை 250 ரூபாய் என்று வைத்திருந்தால் நாலு ஜமீன்தார்களும் பத்து முதலாளிகளும் மட்டுமே கம்பெனியில் இருந்திருப்பார்கள். 25 என்று வைத்ததால் சுமாரான வசதி உள்ளவரும் 'என் கப்பல்' என்று சொல்ல முடிந்தது. அதே சமயம் பெரிய பெயர்களும் வேண்டும். பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் கம்பெனித் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 ஷேர்களுக்கு 2 லட்ச ரூபாய் கொடுத்தார். வ.உ.சி. தனக்கென்று எடுத்துக்கொண்ட பதவி என்ன தெரியுமா? உதவிச் செயலாளர்! வேலை முழுவதும் அவருடையது, நாற்காலி மற்றவர்களுடையது.

முதல் அடி, முதல் பாடம்

கம்பெனி இருக்கிறது, கப்பல் இல்லை. முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி கொடுத்த நெருக்கடியில் ஷா லைன் கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த சர்வீஸ் ஒரே நாளில் நிற்கும் நிலை. இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார் வ.உ.சி.

இந்த அடியிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் தெளிவானது. வாடகைக் கப்பல் என்பது எதிராளியின் கையில் இருக்கும் சாவி. சொந்தக் கப்பல் வேண்டும். வடக்கே பயணம் போனார். கப்பலோடு திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து சாவேன் என்று அவர் சபதம் செய்ததாகச் சொல்வார்கள். 1907-இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடிய கப்பல்கள். கம்பெனி பதிவாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை!

அடுத்து கட்டணப் போர். பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. பி.ஐ. இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்ற அளவுக்கு இறங்கியது. இது எப்படி முடிந்தது அவர்களால்? பி.ஐ.க்கு ரங்கூன், கல்கத்தா, பாரசீக வளைகுடா என்று எத்தனையோ வழித்தடங்கள். ஒரு தடத்தில் விட்டதை இன்னொன்றில் எடுக்கலாம். சுதேசிக் கம்பெனியோ இந்த ஒரு தடத்தையே நம்பியிருந்தது. எதிராளி மூச்சுத் திணறும் வரை விலையைக் குறைப்பது, அவன் விழுந்ததும் ஏற்றிக்கொள்வது என்ற தந்திரம் இன்றும் செல்போன் கம்பெனி முதல் ஆன்லைன் கடை வரை நடக்கிறது. ஆனாலும் அன்றைக்கு மக்கள் இலவசத்தை விட்டுவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்கள். 25 ரூபாய் ஷேரின் உண்மையான லாபம் அதுதான்.

ஒரே தோளில் இரண்டு பாரம்

1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ். கட்சி உடைந்தது, வ.உ.சி. திலகர் பக்கம். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நடந்த அந்தப் போராட்டத்துக்கு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தலைமை தாங்கினார்கள். ஊரே தொழிலாளர் பக்கம் நின்றது. மில் நிர்வாகத்தை ஆதரித்துப் பேசியவருக்குச் சவரம் செய்ய நாவிதர் பாதியில் மறுத்துவிட்டார் என்ற கதையை இன்றும் சொல்வார்கள். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் மறக்கமுடியாத வெற்றி அது.

ஆனால் எதிரே நின்றது யார்? கப்பலுக்கு ஏஜென்டும் மில்லுக்கு முதலாளியும் ஒரே ஹார்வி. அவர்களுக்குப் பின்னால் கலெக்டர், அவருக்குப் பின்னால் அரசாங்கம். இந்தப் பக்கம் கப்பல் கம்பெனி, மில் போராட்டம், அரசியல் மேடை மூன்றும் ஒரே மனிதரின் தோளில். அவரை எடுத்துவிட்டால் மூன்றும் ஆடும் என்பது ஆங்கிலேயருக்கு நன்றாகவே தெரிந்தது.

1908 மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். கம்பெனி பதிவாகி 17 மாதங்கள்கூட நிறையவில்லை. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தாலும் 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார். இடையில் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். இடையிலேயே, 1911-இல், கம்பெனியும் கலைக்கப்பட்டது. காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனிக்கே விற்றார்கள்.

பழமொழி பாதி உண்மை

வ.உ.சி.யின் தொடக்கத்தில் கோணல் ஏதாவது இருந்ததா? தேடிப்பார்த்தாலும் கிடைக்காது. ஊரைத் தெரிந்துகொண்டார், சிறிதாகத் தொடங்கினார், சரியான ஆட்களைச் சேர்த்தார், சாதாரண மக்களைப் பங்காளியாக்கினார், முதல் தோல்வியிலிருந்து உடனே பாடம் படித்தார். வாட்கின்ஸ் புத்தகத்தை வைத்து மார்க் போட்டால் நூற்றுக்கு நூறு. இருந்தும் கம்பெனி ஐந்து வருடம்தான் நின்றது. முதல் நேராக இருந்தால் முற்றும் நேராகும் என்று பழமொழி சொல்லவில்லையே!

காரணம் அவர் மட்டும் என்று சொல்வது நியாயமே இல்லை. சவேரியாருக்குப் பின்னால் ஒரு ஐரோப்பிய அரசு இருந்தது. அவர் போனால் அடுத்த ஆளை அனுப்ப ஒரு சபை இருந்தது. வ.உ.சி.க்கு எதிரே ஓர் அரசு இருந்தது. ஓர் அரசாங்கமே அழிக்க முடிவு செய்த கம்பெனியை எந்த மேனேஜரும் எளிதில் காப்பாற்ற முடியாது.

இருந்தாலும் ஒரு வித்தியாசம் கண்ணில் படத்தான் செய்கிறது. சவேரியாரின் தொடக்கத்திலேயே, அவர் இல்லாத நாளுக்கான ஏற்பாடும் இருந்தது. ஊருக்கு ஒரு பிரதி, ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளை, சம்பளத்துக்கு ஒரு வழி. சுதேசிக் கம்பெனியில் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், டைரக்டர்கள் இருந்தார்கள். ஆனால் சிறைக்குப் போன உதவிச் செயலாளரின் இடத்தை நிரப்ப ஆள் இல்லை. ஆபத்து அதிகமுள்ள வேலையில் இறங்குகிறவருக்கு இரண்டாவது வரிசை இன்னும் அவசரமாக வேண்டியிருக்கிறது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், அப்படிப்பட்டவருக்குத்தான் அதை உருவாக்க நேரம் கிடைப்பதில்லை.

2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே மறுபடியும் பயணிகள் கப்பல் விட்டார்கள். கோலாகலமான தொடக்கவிழா. சில மாதங்களிலேயே நின்றுபோனது. கடலில் முதல் பயணம் போவது கடினம்தான். நூறாவது பயணம் அதைவிடக் கடினம்.

அதே 2011-இல்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. சிறையிலிருந்து வந்தபின் வக்கீல் சன்னதும் இல்லாமல், சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து வறுமையில் கழித்து, 1936-இல் தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர்விட்டவர் அவர். அவருடைய கம்பெனியை அடுத்து நடத்த ஆள் கிடைக்கவில்லை. அந்தத் துறைமுகத்தில் இன்று சரக்கு ஏற்றி இறக்கும் ஒவ்வொரு கப்பலின் காகிதத்திலும் அவர் பெயர் இருக்கிறது.

புதுப் பொறுப்புக்குப் போகிறவர்கள் முதல் நாள் என்ன செய்வது என்று யோசிப்பது நல்லதுதான். கூடவே ஒரு கேள்வியையும் மடியில் முடிந்துகொண்டு போகலாம்: நாளைக்கே எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்த மணியை எடுத்து அடிக்க யார் இருக்கிறார்கள்?